சைக்கிள் டியூப் பஞ்சரை வீட்டிலேயே ஒட்டுவது எப்படி?

டியூபில் ஒட்டுப் போடுவது பெரிய வித்தை இல்லை. தேய்க்க வேண்டும், சொல்யூஷன் தடவ வேண்டும், காயவிட வேண்டும், அழுத்தி ஒட்ட வேண்டும். முதல் தடவை செய்பவருக்கும் ஒட்டு பிடித்துவிடும். ஆனால் ஒட்டி மாட்டிய மறுநாளே அதே சக்கரம் மறுபடி தரையோடு உட்கார்ந்துவிடுகிறதே, அதற்குப் பெரும்பாலும் ஒட்டு காரணமாக இருக்காது. ஓட்டை போட்ட முள் டயருக்குள்ளேயே இருந்திருக்கும். இல்லையென்றால் ரிம்முக்குள் ஒரு கம்பி நுனி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் ஒட்டுவதற்குக் கொடுத்த அளவு இடத்தை, ஓட்டை ஏன் விழுந்தது என்று தேடுவதற்கும் கொடுத்திருக்கிறேன்.

பிரிப்பதற்கு முன் வால்வைப் பாருங்கள்

காற்று இறங்கினாலே பஞ்சர் என்று நினைத்து டயரைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். காற்றடித்துவிட்டு, வால்வின் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். எச்சில் தொட்டு வைத்தாலும் போதும். குமிழ் விட்டால் கோளாறு வால்வில்தான்.

சாதாரண சைக்கிள்களில் இருக்கும் பழைய மாதிரி வால்வில், உள்ளே ஒரு சின்ன உலோகத் தண்டும் அதன்மேல் இழுத்து மாட்டிய மெல்லிய ரப்பர்க் குழாயும் இருக்கும். வால்டியூப் என்று சொல்கிறோமே, அதுதான். அடிக்கும் காற்று அந்த ரப்பரை விரித்துக்கொண்டு உள்ளே போகும். உள்ளே போன காற்று ரப்பரை வெளியிலிருந்து அழுத்தித் தண்டின் துளையை மூடிவிடும். நாளாக ஆக ரப்பர் இறுகி வெடித்துவிடும், அல்லது தண்டோடு ஒட்டிக்கொள்ளும். புது வால்டியூப்பை எச்சிலில் நனைத்து, தண்டின் பக்கத் துளை முழுசாக மூடும்படி மேலே வரை ஏற்றி மாட்டி, நட்டை இறுக்கினால் முடிந்தது. டயரைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோல் தடித்த வால்வு என்றால், நடுவில் இருக்கும் ஊசி தளர்ந்திருக்கலாம். வால்வுத் திருகியால் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். பந்தய சைக்கிள்களில் வரும் ஒல்லியான நீள வால்வில், நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். காற்றடிக்கும்போது அதைத் தளர்த்த வேண்டும், அடித்து முடித்ததும் கையால் இறுக்க வேண்டும். இறுக்க மறந்தால் காற்று மெல்ல மெல்லப் போகும்.

வால்வு நன்றாக இருக்கிறது, ஆனாலும் காற்று நிற்கவில்லை என்றால் கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

என்னென்ன வேண்டும்

டயர் லீவர் இரண்டு (மூன்று இருந்தால் சுகம்), பஞ்சர் பேட்ச், சொல்யூஷன் ஒரு சின்ன டியூப், உப்புத்தாள் ஒரு துண்டு, பம்ப், பேனா, ஒரு பேசின் தண்ணீர், பழைய துணி. சக்கரத்தைக் கழற்றப் போகிறீர்கள் என்றால் ஸ்பானர். லீவர் இல்லையென்று ஸ்குரூ டிரைவரை எடுக்காதீர்கள். அதன் கூரான முனை டியூபைக் கிழிக்கும்; ஒரு ஓட்டையோடு வந்தவர் மூன்று ஓட்டையோடு போவார். லீவர் கிடைக்காத அவசரத்தில், முனை மழுங்கிய கெட்டி ஸ்பூனின் காம்பு எவ்வளவோ மேல்.

சொல்யூஷன் என்பது ரப்பரைக் கரைப்பானில் கரைத்த பசை. எளிதில் தீப்பிடிக்கும். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு வேலை பாருங்கள், அல்லது வாசலுக்கு வந்துவிடுங்கள்.

சக்கரத்தைக் கழற்ற வேண்டுமா?

பழகியவர்கள் பெரும்பாலும் கழற்றுவதே இல்லை. சைக்கிளைச் சாய்த்துப் போட்டு அல்லது தலைகீழாக நிறுத்தி, டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி எடுத்து, டியூபை வெளியே உருவிவிடுவார்கள். டியூப் சக்கரத்தைச் சுற்றியபடியே தொங்கும்; அதற்குக் கீழே தண்ணீர் பேசினைக் கொண்டுவந்து வைத்து ஓட்டையைப் பார்த்து, அங்கேயே ஒட்டிவிடுவார்கள். செயின் கவர், கேரியர், ஸ்டாண்டு எல்லாம் பின் அச்சிலேயே மாட்டியிருக்கும் சைக்கிளுக்கு இதுதான் புத்திசாலித்தனமான வழி. நான் எப்போதும் இதைத்தான் சிபாரிசு செய்வேன். டியூபை மாற்றுவதானால்தான் சக்கரம் வெளியே வந்தாக வேண்டும்.

கழற்றத்தான் வேண்டும் என்றால், கியர் சைக்கிளின் பின்சக்கரத்துக்கு முதலில் செயினை மிகச் சிறிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவாருங்கள். கழற்றவும் மாட்டவும் அது இடம் கொடுக்கும். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் அதைத் தளர்த்தி விரியுங்கள். டிஸ்க் பிரேக் என்றால், சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் பிடியை அழுத்தவே கூடாது. ஹைட்ராலிக் பிரேக்கில் உள்ளே இருக்கும் பிரேக் கட்டைகள் நெருங்கி ஒட்டிக்கொண்டு டிஸ்க்கை உள்ளே விடாது. நட், வாஷர் எல்லாம் எந்த வரிசையில் கழன்றதோ அதே வரிசையில் ஒரு துணியில் வையுங்கள்.

டயரை நெம்புவது

வால்வைத் திறந்து மிச்சமிருக்கும் காற்றையெல்லாம் வெளியே விடுங்கள். வால்வை ரிம்மோடு பிடித்திருக்கும் வளைய நட்டையும் கழற்றிவிடுங்கள். இங்கே ஒரு சூட்சுமம். ரிம்மைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் நடுவில் பள்ளமாக இருக்கும். டயரின் ஓரத்தில் கம்பி வைத்த தடித்த விளிம்பு, ரிம்மின் இரு பக்கத் திண்டில் உட்கார்ந்திருக்கும். அந்த விளிம்பைச் சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தி நடுப்பள்ளத்துக்குள் இறக்கிவிட்டால், அந்த அளவுக்கு டயரில் தளர்வு கிடைக்கும். இதைச் செய்யாமல் பலத்தை மட்டும் நம்பி நெம்பினால் லீவர் வளையும், விரல் நசுங்கும், டயர் மட்டும் அசையாது.

வால்விலிருந்து தள்ளி இருக்கும் இடத்தில் முதல் லீவரை டயர் விளிம்புக்கு அடியில் கொடுத்து நெம்பி, அதன் வாலை ஸ்போக்ஸ் கம்பியில் மாட்டுங்கள். ஒரு சாண் தள்ளி இரண்டாவது லீவர். லீவரை ஆழமாகச் செருகாதீர்கள். விளிம்பைப் பிடிக்கும் அளவுக்கு மட்டும் போதும், அதற்கு மேல் போனால் டியூபையும் சேர்த்துக் கவ்விவிடும். இரண்டு இடம் வெளியே வந்துவிட்டால், பிறகு லீவரை அப்படியே வளைய இழுத்துக்கொண்டு போகலாம். ஒரு பக்கம் மட்டும் வெளியே வந்தால் போதும், மறுபக்கம் ரிம்மிலேயே இருக்கட்டும்.

டியூபை உருவுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வால்வு இருக்கும் இடத்துக்கு நேராக டயரின் பக்கவாட்டில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். டியூபின் எந்தப் பக்கம் செயின் பக்கமாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு குறியும் இல்லாவிட்டால், டியூபில் ஓட்டையைக் கண்டுபிடித்த பிறகு டயரில் எங்கே தேடுவது என்று தெரியாது. இரண்டு நொடி வேலை, அரைமணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

ஓட்டை எங்கே?

டியூபில் காற்றடித்து, அது தன் அளவைவிடச் சற்றே பருத்து நிற்கும்படி செய்யுங்கள். காதருகே கொண்டுபோய் மெல்லச் சுற்றுங்கள், சத்தம் கேட்கலாம். கேட்காவிட்டால் கன்னத்துக்குப் பக்கத்தில். மிக மெல்லிய காற்றையும் உதடும் கன்னமும் உணரும். அதிலும் பிடிபடாவிட்டால் தண்ணீர்தான். டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் அமுக்கி, அந்த இடத்தை இரு கையாலும் லேசாக இழுத்துப் பிடியுங்கள். ஊசி முனையளவு ஓட்டை, இழுத்தால்தான் வாயைத் திறக்கும்.

டியூபில் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழைக் கண்டு ஏமாறாதீர்கள். விரலால் வழித்துவிட்டுப் பாருங்கள். அதே இடத்திலிருந்து மறுபடி மறுபடி சரம் சரமாகக் கிளம்பினால்தான் ஓட்டை. கண்டதும் ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஓட்டை நடுவில் வரும்படி பெரிய பெருக்கல் குறியாகப் போடுங்கள். சின்னப் புள்ளியாகப் போட்டால், பிறகு தேய்க்கும்போது அதுவும் அழிந்துவிடும், ஓட்டையும் மறைந்துவிடும். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாமல் முழு வட்டமும் பாருங்கள். முள் ஒரே இடத்தில்தான் குத்த வேண்டும் என்று சட்டமில்லை.

ஓட்டையைப் படியுங்கள்

ஓட்டை டியூபின் வெளிப்பக்கத்தில், அதாவது சாலையைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் முள், ஆணி, கண்ணாடிச் சில்லு, மெல்லிய கம்பித் துண்டு இவற்றில் ஒன்று. டியூபை டயரின் மேல் வைத்து, வால்வைப் பேனாக் கோட்டுக்கு நேராகப் பொருத்திப் பாருங்கள். ஓட்டைக்கு நேரே டயரில் என்ன இருக்கிறது? முதலில் வெளியிலிருந்து பாருங்கள், பிறகு உட்பக்கம். வெறும் விரலால் தடவாதீர்கள். துணியையோ பஞ்சையோ உள்ளே விட்டுச் சுற்றிக் கொண்டுபோங்கள், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். சில சமயம் வெளியே எதுவும் தெரியாது. டயரை வளைத்து ரப்பரை விரித்துப் பார்த்தால், தலை முறிந்த முள்ளின் அரை மில்லிமீட்டர் நுனி ரப்பருக்குள் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். உள்ளிருந்து வெளியே தள்ளி, இடுக்கியால் பிடுங்கி எடுங்கள். அது அங்கே இருக்கும்வரை நீங்கள் ஒட்டும் ஒவ்வொரு ஒட்டும் வீண்.

ஓட்டை உட்பக்கத்தில், ரிம்மைப் பார்க்கும் பக்கத்தில் இருந்தால் சாலையின்மேல் பழி போட வேண்டாம். ரிம் பட்டையைப் பாருங்கள். ஸ்போக்ஸ் கம்பிகளின் தலையை மூடியிருக்கும் அந்த ரப்பர் அல்லது துணிப் பட்டை நகர்ந்திருக்கும், அல்லது இற்றுப்போயிருக்கும். கம்பி நீளமாக இருந்து, அதை ரிம்மோடு பிடித்திருக்கும் குட்டி நட்டான நிப்பிளுக்கு மேலே நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அதை அரத்தால் ராவி மழுக்குங்கள். பட்டை போய்விட்டதென்றால் புதிது வாங்கிப் போடுங்கள். அதுவரை கெட்டித் துணி நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றியும் சமாளிக்கலாம்.

இரண்டு சின்னக் கீறல்கள் பக்கத்துப் பக்கத்தில், பாம்பு கடித்த தடம் போல இருந்தால் எதுவும் குத்தவில்லை. காற்றுக் குறைவாக இருக்கும்போது பள்ளத்திலோ கல்லிலோ சக்கரம் மோத, டியூப் ரிம்முக்கும் டயருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மூடும் பெரிய பேட்ச் போடுங்கள், அல்லது இரண்டு தனி ஒட்டு. ஆனால் ஒன்றன் ஓரம் மற்றொன்றின்மேல் ஏறக் கூடாது. இதற்கு மருந்து முள்ளைத் தேடுவதில்லை, காற்றைச் சரியாக அடிப்பதுதான்.

வால்வு அடியில் கிழிந்திருந்தால், டியூப் டயருக்குள் நகர்ந்து வால்வைச் சாய்த்து இழுத்திருக்கிறது என்று பொருள். காற்றில்லாத சக்கரத்தை ஓட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் இப்படித்தான் ஆகும். காற்று இறங்கிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவது கௌரவக் குறைச்சல் இல்லை. ஏறி ஓட்டினால் டியூபோடு டயரும் ரிம்மும் சேர்ந்து போகும்.

தேய்ப்பது, தடவுவது, பொறுப்பது

டியூப் முழுசாகக் காய்ந்திருக்க வேண்டும். காற்றை வெளியேற்றி, தட்டையான ஒரு பலகைமேல் வைத்து, பேட்சைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக இருக்கும்படி உப்புத்தாளால் தேயுங்கள். புது டியூபின் மேல், அச்சிலிருந்து கழன்று வருவதற்காகப் பூசிய வழுவழுப்பு மிச்சமிருக்கும். பழைய டியூபின் மேல் வெயிலும் காற்றும் பட்ட செத்த தோல் இருக்கும். இரண்டின்மேலும் பசை நிற்காது. பளபளப்புப் போய், கரும்பலகை மாதிரி மங்கலாக வரும்வரை தேயுங்கள். டியூபில் நீளவாக்கில் ஓடும் அச்சுக் கோடு ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தால் அதைச் சமமாகும்வரை தேய்த்துவிடுங்கள். விட்டால் அந்த மேட்டின் ஓரமாகவே காற்று வழி பண்ணிக்கொண்டு வெளியேறும். தூளைத் துடைத்துவிட்டு, தேய்த்த இடத்தை விரலால் தொடாதீர்கள். விரலில் எண்ணெய் இருக்கும்.

இப்போது சொல்யூஷன். ஓட்டையின்மேல் ஒரு சொட்டு விட்டு, பேட்சைவிடப் பெரிய வட்டமாக, மெல்லிய ஒரே பூச்சாகப் பரப்புங்கள். நிறையத் தடவினால் நன்றாக ஒட்டும் என்பது தப்புக் கணக்கு. தடித்த பூச்சு மேலே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும்.

தடவியாயிற்று, உடனே ஒட்டிவிடலாமா? கூடாது. வீட்டில் போடும் ஒட்டுகள் கழன்று வருவதற்கு முதல் காரணம் இந்த அவசரம்தான். காகிதத்துக்குத் தடவும் கோந்து ஈரத்தில் ஒட்டும், சொல்யூஷன் அப்படியில்லை. 1839-ல் சார்லஸ் குட்இயர், கந்தகத்தோடு சூடாக்கினால் பிசுபிசுத்த ரப்பர் உறுதியாகிறது என்று கண்டுபிடித்தார். அந்த வல்கனைசிங்கின் சூடில்லாத வடிவம்தான் இந்தப் பேட்சின் அடிப்பக்கம் செய்வது. அந்தப் பக்கத்தில் இருக்கும் மென்மையான ரப்பர், காய்ந்த சொல்யூஷனில் இருக்கும் ரப்பரோடு சேர்ந்து பிணைகிறது. நடுவில் கரைப்பான் மாட்டிக்கொண்டால் அந்தப் பிணைப்பு நடக்காது. ஆகவே 5 நிமிடம் பொறுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக. வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் அதில் படியும். ஈரப் பளபளப்புப் போய் மங்கியதும், பேட்ச் படாத ஓரத்தில் விரல் நுனியால் தொட்டுப் பாருங்கள். விரலில் பசை வராமல், லேசான பிசுக்கு மட்டும் தெரிந்தால் நேரம் வந்துவிட்டது.

பேட்சின் அடியிலிருக்கும் வெள்ளித்தாளை உரியுங்கள். அந்தப் பக்கத்தைத் தொடாமல் ஓரத்தில் பிடித்து, ஓட்டை நடுவில் வரும்படி ஒரே தடவையில் வையுங்கள். வைத்த பிறகு நகர்த்த முடியாது. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 சென்டிமீட்டர் பேட்ச் இருக்க வேண்டும். நடுவிலிருந்து ஓரத்துக்குக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போங்கள். பிறகு பலகைமேல் வைத்து, ஸ்பூனின் முதுகாலோ கண்ணாடிப் பாட்டிலாலோ பலமாக உருட்டித் தேயுங்கள். இதற்கு எடை வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, இரண்டு நிமிட அழுத்தம் போதும்.

மேலே இருக்கும் மெல்லிய காகிதத்தை ஓரத்திலிருந்து பிடித்து இழுத்தால் பேட்சின் ஓரமும் சேர்ந்து கிளம்பும். டியூபை அந்த இடத்தில் மடித்தால் காகிதம் நடுவில் விரியும். அங்கிருந்து வெளிப்பக்கமாக உரியுங்கள். வராவிட்டால் அப்படியே இருக்கட்டும், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. பேட்சைச் சுற்றி மிச்சமிருக்கும் சொல்யூஷன்மேல் கொஞ்சம் முகப்பவுடரோ சாக்பீஸ் தூளோ தடவுங்கள். இல்லாவிட்டால் டியூப் டயரோடு ஒட்டிக்கொண்டு, அடுத்த தடவை பிரிக்கும்போது ஒட்டையும் இழுத்துக்கொண்டு வரும்.

சோதிக்கிறேன் என்று டியூபை வெளியிலேயே பலூன்போல் ஊதாதீர்கள். டயர் இல்லாமல் டியூப் கண்டபடி விரியும், புது ஒட்டின் ஓரம் கிளம்பும். உருண்டு நிற்கும் அளவுக்கு மட்டும் காற்றடித்துத் தண்ணீரில் ஒரு முறை பார்த்தால் போதும்.

பேட்சுக்குப் பதில் பழைய டியூபை வெட்டி ஒட்டலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஒட்டலாம். அந்தத் துண்டையும் தேய்த்து, அதற்கும் சொல்யூஷன் தடவி, இரண்டும் காய்ந்த பிறகு ஒட்ட வேண்டும். முனைகளை வட்டமாக வெட்டுங்கள், மூலை இருந்தால் அங்கேதான் முதலில் கிளம்பும். ஆனாலும் ஓரம் மெலிந்து வரும் பேட்சின் பிடிப்பு அதற்கு வராது. உடனடிப் பசைகளை மட்டும் வேண்டவே வேண்டாம். அவை காய்ந்தால் கண்ணாடி மாதிரி இறுகிவிடும்; டியூப் நெளிந்ததும் விரிசல் விடும்.

திரும்ப மாட்டுவது

டியூபுக்கு வடிவம் வரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று. வால்வை ரிம் துளையில் நேராக நுழைத்து, டியூபை முறுக்கில்லாமல் சுற்றிலும் டயருக்குள் தள்ளுங்கள். வெளியே இருக்கும் டயர் விளிம்பை, வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி இரு கையாலும் உள்ளே தள்ளிக்கொண்டே வந்து, வால்வுப் பக்கத்தில் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு நடுப்பள்ளத்துக்குள் இறங்காது. மற்ற இடமெல்லாம் இறங்கினால்தான் கடைசித் துண்டுக்குத் தளர்வு கிடைக்கும். கடைசி ஒரு சாண் பிடிவாதம் பிடிக்கும். எதிர்ப்பக்கத்தை மறுபடி பள்ளத்தில் அமுக்கிவிட்டு, உள்ளங்கையால் உருட்டித் தள்ளுங்கள். இங்கே லீவரை எடுத்தால் டியூபைக் கடிக்கும்.

மாட்டியதும் வால்வை ஒருமுறை உள்பக்கமாக அமுக்கிவிட்டு வெளியே இழுங்கள். விளிம்புக்கு அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். பிறகு இரண்டு பக்கமும் டயரை ஒதுக்கி, எங்காவது டியூப் எட்டிப் பார்க்கிறதா என்று முழு வட்டமும் பாருங்கள். அப்படியே காற்றடித்தால் அந்த இடம் பிதுங்கி வெடிக்கும். பாதிக் காற்றடித்துச் சக்கரத்தைச் சுற்றவிடுங்கள். ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். மேலும் கீழுமாகப் போனால் காற்றை இறக்கி, பிசைந்துவிட்டு, மறுபடி அடியுங்கள்.

எவ்வளவு காற்று என்பதை டயரின் பக்கத்திலேயே அச்சிட்டிருப்பார்கள், பி.எஸ்.ஐ. அல்லது பார் கணக்கில். 1 பார் என்றால் சுமார் 14.5 பி.எஸ்.ஐ. அகலமான டயருக்குக் குறைவாகவும் ஒல்லி டயருக்கு அதிகமாகவும் இருக்கும். பின்சக்கரம் அதிக எடை தாங்குவதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாக அடிக்கலாம், ஆனால் அச்சிட்ட உச்ச அளவைத் தாண்டாதீர்கள். கழற்றிய பிரேக்கைத் திரும்ப மாட்டிப் பிடித்துப் பார்த்த பிறகே ஏறுங்கள்.

எதை ஒட்டக் கூடாது

வால்வு அடிக் கிழிசல், நீளமாக வெடித்த டியூப், ரப்பர் இற்று ஒரே இடத்தில் பல துளை விழுந்தது: இவற்றுக்குப் புது டியூப்தான். வாங்கும்போது அங்குலக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் விளிம்பு விட்டம் 559 மில்லிமீட்டர் உள்ளதும் உண்டு, 590 உள்ளதும் உண்டு. டயரில் 37-622 என்பதுபோல் ஒரு எண் இருக்கும்; முன்னது அகலம், பின்னது விளிம்பு விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். அதைக் குறித்துக்கொண்டு போங்கள். வால்வு எந்த வகை என்பதையும்.

டயரே கிழிந்திருந்தால், உள்ளிருந்து டியூப் பிதுங்கும். பழைய டயரிலிருந்து வெட்டிய மெல்லிய துண்டை அந்த இடத்தில் உட்பக்கம் வைத்து மாட்டினால் சில நாள் ஓட்டலாம்; அதற்குள் டயரை மாற்றிவிடுங்கள். ரப்பருக்குப் பதில் ஒருவகைப் பிளாஸ்டிக்கால் செய்த, பளபளவென்று கண்ணாடிபோல் இருக்கும் டி.பி.யு. டியூபுகளுக்கு இந்தப் பேட்சும் சொல்யூஷனும் பிடிக்காது, அவற்றுக்கென்று தனி ஒட்டு உண்டு.

ஒட்டிய சக்கரத்தை ஒரு இரவு காற்றோடு விட்டுவைத்து, காலையில் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இறங்கியிருந்தால் டியூபை எடுத்து அதே குறியிலிருந்து தேடத் தொடங்குங்கள். காற்று பேட்சின் ஓரத்திலிருந்து வந்தால், அதை உரித்தெடுத்துவிட்டுத் தேய்ப்பதிலிருந்து மறுபடி செய்ய வேண்டும். ஒட்டின்மேல் ஒட்டு நிற்காது. புதிய இடத்திலிருந்து வந்தால், டயருக்குள் இன்னொரு முள் பாக்கி இருக்கிறது. சொல்யூஷன் டியூபின் மூடியை இறுக்கி நிமிர்த்தி வையுங்கள். ஒரு தடவை திறந்தது சில மாதங்களில் உள்ளேயே காய்ந்துவிடும். ஆகவே பையில் எப்போதும் திறக்காத ஒன்று இருக்கட்டும்.